பெரியவர் சொல்வதும் குவாட்ரட் சொல்வதும் ஒத்துவராதபோது

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டில் உண்ணிச்செடி (லாண்டானா) எப்படிப் பரவியிருக்கிறது என்று குவாட்ரட் (செடிகளை எண்ணத் தரையில் குறிக்கும் சதுரத் துண்டு) போட்டுப் பார்க்கிறீர்கள். உங்களோடு நடக்கும் இருளர் பெரியவர் ஒருவர், "அந்தக் காலத்துல தை மாசம் சருகுக்கு நெருப்பு வைப்போம், அப்ப இந்தச் செடி இவ்வளவு கிடையாது" என்கிறார். உங்கள் கைடு, தீயால் உண்ணிச்செடி கூடும் என்று சொல்லும் கட்டுரைகளைக் காட்டி, பெரியவர் பெயரை நன்றியுரையில் போட்டால் போதும் என்கிறார். பாரம்பரிய அறிவையும் மேற்கத்திய அறிவியலையும் எப்படி இணைப்பது என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்: இரண்டும் முட்டிக்கொள்ளும்போது யாரை நம்புவது, நம்பியதை ஆய்வேட்டில் எந்த இடத்தில் எழுதுவது.

நான் தாவரச் சூழலியல் படித்துவிட்டு, பல வருடங்களாகத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளிலும் சித்தேரி மலையிலும் செடிகொடிகளைக் கணக்கெடுத்து வருபவன். புல், புதர், மரம் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடியும். விலங்குகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கூட வேலை செய்தவர்களிடம் கற்றது. மூலிகை மருத்துவத்தில் எனக்குப் பயிற்சி கிடையாது, அதனால் ஒரே ஒரு எச்சரிக்கை தவிர அதை இங்கே எடுக்கப்போவதில்லை.

யாரை நம்புவது என்பதற்கு என் பதில்: ஒருவர் சொல்வதை ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கும். அவர் கண்ணால் பார்த்தது ஒன்று. அதை எங்கே, எப்போது பார்த்தார் என்பது ஒன்று. அதற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்று. முதலாவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் தினமும் அந்தக் காட்டில் நடப்பவர் அவர். இரண்டாவதை வேறு ஒருவரிடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, உங்களுடைய அல்லது என்னுடைய ஊகத்தைப் போல சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு கருதுகோள். கைடு காட்டும் கட்டுரைகளையும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். எந்த நாட்டுக் காடு, எந்த மாதத்துத் தீ, எரிந்து எத்தனை வருடம் கழித்து எண்ணினார்கள்? இதைப் பார்த்தாலே முரண்பாட்டில் பாதி தீர்ந்துவிடும்.

உங்கள் தீ விஷயத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரியைக் கடந்து, மாதேஸ்வரன் மலையையும் தாண்டி மேற்கே போனால் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை. அங்கே வாழும் சோலிகர் பழங்குடியினர் உங்கள் பெரியவர் சொன்னதையேதான் சொல்கிறார்கள். கோடை தொடங்கும்போது, சருகு கொஞ்சமாக இருக்கும்போதே எரித்துவிடுவார்கள். நெருப்பு முழங்கால் உயரத்துக்கு மேல் வராது, தரையை மட்டும் நக்கிவிட்டுப் போகும். அந்த மலை 1974ல் சரணாலயமானது, தீ வைப்பது நின்றது. அதற்குப் பிறகுதான் உண்ணிச்செடி ஏறியது, நெல்லி மரத்தில் புல்லுருவியும் கூடியது என்பது அவர்கள் வாதம். பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் அதே காட்டில் மாதிரித் துண்டுகள் போட்டு எண்ணியதில், 1997ல் 41 சதவீதத் துண்டுகளில் இருந்த உண்ணிச்செடி 2008ல் 81 சதவீதத் துண்டுகளில் இருந்தது. பரவியது என்பதில் சந்தேகமே இல்லை. தீ நின்றதால்தான் பரவியதா என்பது வேறு கேள்வி. மேய்ச்சல், மழை, விறகு வெட்டு, பறவைகள் விதையைக் கொண்டுபோவது என்று அதே காலத்தில் மாறியவை பல.

அப்படியானால் தீயால் கூடும் என்ற கட்டுரைகள் தவறா? இல்லை. உண்ணிச்செடி வேரூன்றிப் புதராகிவிட்டால் எரித்தாலும் அடித்தண்டிலிருந்து திரும்பத் துளிர்க்கும். புதர் அடர்ந்த இடத்தில் பங்குனி, சித்திரையில் தீ பிடித்தால் அது சருகுத் தீயாக இருக்காது. செடியே எரிபொருளாகி, மரத்தின் கிளை வரை ஏறும். மேலே நிழல் போனதும், எரிந்த இடத்தில் முதலில் எழுவது மறுபடி உண்ணிச்செடிதான். பெரியவர் பேசுவது வேறொரு கட்டத்தைப் பற்றி: செடி இன்னும் நாற்றாக, விரல் உயரத்தில் இருக்கும்போது, புல்லும் சருகும் மட்டும் எரியும் தீ. அதில் நாற்று செத்துப்போகும், புல் மழைக்குப் பிறகு முளைத்துக்கொள்ளும். ஆக, இருவரும் வெவ்வேறு தீயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். நாற்று சாகும், புதர் துளிர்க்கும் என்பது வரை உறுதி. பழைய சருகுத் தீயை இன்றைக்குக் கொண்டுவந்தால் உண்ணிச்செடி குறையுமா என்பது உறுதியில்லை. புதராகிவிட்ட காட்டில் குறையாது என்பதே என் கணிப்பு. முதலில் வேரோடு பிடுங்க வேண்டியிருக்கும்.

இதை நீங்கள் தீ வைத்துச் சோதிக்க முடியாது. காவிரி வடக்கு சரணாலயம் 2014லும் காவிரி தெற்கு 2022லும் அறிவிக்கப்பட்டவை. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் தீ வைப்பது குற்றம். ஆனால் ஏற்கெனவே எரிந்த இடங்கள் இருக்கின்றன. 2000க்குப் பிறகான தீ இடங்களை மோடிஸ் செயற்கைக்கோள் தரவில் இலவசமாக எடுக்கலாம், லேண்ட்சாட் படங்கள் அதற்கும் முன்னால் போகும். அதை வைத்து அடிக்கடி எரிந்தது, எப்போதாவது எரிந்தது, எரியாதது என்று இடங்களைப் பிரித்து குவாட்ரட் போடுங்கள். இங்கேதான் பெரியவர் தேவைப்படுகிறார். மரத்தடியில் மெதுவாக ஊர்ந்துபோகும் சருகுத் தீ பல நேரம் செயற்கைக்கோளுக்குத் தெரிவதே இல்லை. சதுர கிலோமீட்டர் அளவில் பார்க்கும் கருவிக்கு முழங்கால் உயரத் தீ எப்படித் தெரியும்? எந்தச் சரிவு லேசாக எரிந்தது, எது கொழுந்துவிட்டு எரிந்தது என்று அவருக்குத் தெரியும். அவர் காட்டும் இடங்களைத் தனி வகையாக வைத்து எண்ணினால், அவருடைய கூற்று உங்கள் ஆய்வின் மையக் கேள்வியாகவே ஆகிவிடுகிறது. நன்றியுரையில் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

எண்ணிக்கையே தப்பாகப் போய், மக்கள் சொன்னது சரியாக இருந்ததற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் சம்பவம் அலாஸ்காவில் நடந்தது. 1977ல் சர்வதேசத் திமிங்கல ஆணையம், வில்தலைத் திமிங்கலங்கள் மிகச் சிலவே மிஞ்சியிருப்பதாகக் கருதி அவற்றை வேட்டையாடத் தடை விதித்தது. அங்கே வாழும் இன்யூபியாட் பழங்குடி வேட்டைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. பனிக்கட்டியின் விளிம்பில் நின்று, திறந்த நீரில் போவதை மட்டும் எண்ணுகிறீர்கள், திமிங்கலம் பனிக்கு அடியிலும் கரையிலிருந்து தூரத்திலும் போகும் என்றார்கள். தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னபடியே இருந்தது. மதிப்பீடு சில ஆயிரங்களுக்கு ஏறியது, 2011 கணக்கெடுப்பில் 16,000க்கும் மேல். இந்தக் கடைசி எண்ணில் ஒரு பகுதி உண்மையான இனப்பெருக்கம் என்பதையும் சொல்ல வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், விஞ்ஞானிகள் தங்கள் எண்ணிக்கையை விடாமல், எண்ணும் முறையை மாற்றினார்கள் என்பது. எங்கே பார்க்க வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள், எத்தனை என்று கருவி சொன்னது.

நம்மூருக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும் நேரத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யானை எண்ணிக்கையைச் சாணத்தை வைத்து மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அதற்கு ஒரு யானை நாளைக்கு எத்தனை முறை சாணம் போடும், ஒரு சாணம் மட்கி மறைய எத்தனை நாள் ஆகும் என்ற இரண்டும் வேண்டும். இரண்டாவது இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். மழை பெய்தால் வண்டுகளும் மழையும் சேர்ந்து சீக்கிரம் கலைத்துவிடும், வெயில் காலத்தில் வறட்டி மாதிரி இறுகி மாதக்கணக்கில் கிடக்கும். வேறு ஊர் எண்ணை இங்கே போட்டால் யானைக் கணக்கே தலைகீழாகிவிடும்.

அனுபவமுள்ள ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரோ இருளர் பெரியவரோ சாண உருண்டையைப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் தொடமாட்டார். மேல் பளபளப்பு இருக்கிறதா, ஓரம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் குச்சியால் பிளப்பார். உள்ளே ஈரம், வண்டு துளைத்த ஓட்டை, வெண்பூசணம் எந்த அளவு பிடித்திருக்கிறது, கறையான் மண் ஏறியிருக்கிறதா. பிறகு உள்ளே இருப்பதைக் கிளறுவார். மூங்கில் நார் என்றால் ஓடைப் பக்கம் மேய்ந்தது. புளியங்கொட்டை என்றால் புளியந்தோப்போரம் வந்துபோனது. ராகித் தாளும் உமியும் இருந்தால் கொல்லையில் இறங்கிவிட்டு வந்திருக்கிறது. கடைசியில் "முந்தாநாள் ராத்திரி" என்பார். இதை வியந்து எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், அளந்து பாருங்கள். புதிதாக விழுந்த சாணங்களுக்குத் தேதி குறித்து, பக்கத்தில் சிறு அடையாளம் வைத்துவிடுங்கள். சில நாள், சில வாரம் கழித்து, தேதி தெரியாத இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக அழைத்துப்போய் வயதைக் கேளுங்கள். முதல் சில நாட்களுக்கு அவர்கள் கணிப்பு நெருக்கமாக இருக்கும், பழசாக ஆக ஆகச் சிதறும் என்பது என் எதிர்பார்ப்பு. எந்த வயது வரை அவர்களை நம்பலாம் என்பது உங்களுக்கு எண்ணாகக் கிடைத்துவிடும். கூடவே நம் காட்டுக்கான மட்கும் வேகமும் கிடைக்கும்.

காலத்தைக் கேட்பது இதைவிடக் கஷ்டம். "எத்தனை வருஷத்துக்கு முன்னாடி?" என்று கேட்டால் "இருபது, முப்பது வருஷம் இருக்கும்" என்ற பதில்தான் வரும். நம் மாவட்டங்களில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஆணிகளை அடித்துக்கொள்ளுங்கள். 1987 இறுதியில் எம்.ஜி.ஆர். இறந்தது. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதே வருடம் அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுடப்பட்டது. 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து வந்த வறட்சி. உங்கள் காட்டில் மூங்கில் கூட்டமாகப் பூத்து அரிசி விட்ட வருடம். "வீரப்பன் இருந்தப்ப இந்த ஓடையில உண்ணி இருந்ததா?" என்று கேட்டால் பதில் கூர்மையாக வரும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வீரப்பனைத் தேடி போலீஸ் தேடுதல் வேட்டை நடத்திய காலத்தில் பலர் பயந்துபோய்க் காட்டுக்குள் போவதையே குறைத்துக்கொண்டார்கள். அந்த வருடங்களைப் பற்றிய நினைவில் இடைவெளி இருக்கும், அதை இட்டுக்கட்டி நிரப்பச் சொல்லிக் கேட்கக் கூடாது. அப்புறம், வயதுவாரியாகத் தனித்தனியே கேளுங்கள். மீன்வளம் பற்றி டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995ல் எழுதியது நம் காட்டுக்கும் பொருந்தும்: ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்ததையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. இருபத்தைந்து வயதுப் பையன் "உண்ணி எப்பவும் இருக்கு" என்றால் அவன் பொய் சொல்லவில்லை. செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு ஏறக்குறைய 200 வருடம் ஆகிறது என்றாலும், உங்கள் சரிவுக்கு எப்போது வந்தது என்பதை அவன் தாத்தாதான் சொல்ல முடியும்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். வழக்கமாக ஊர் மூப்பரையும் தேன் எடுக்கும் ஆண்களையும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். கீரை, கிழங்கு, விறகு, சீமார் புல் எல்லாம் பெண்கள் கையில் இருக்கும் அறிவு. மாகாளிக் கிழங்கு எங்கே குறைந்தது, முன்பு எவ்வளவு தூரம் போய்த் தோண்டினார்கள், இப்போது எவ்வளவு தூரம் என்று ஒரு பாட்டியிடம் கேட்டால் ஒரு தாவரத்தின் சரிவை வருட வரிசையில் சொல்லிவிடுவார். பட்டி போட்டு மாடு மேய்த்தவர்களையும் விடாதீர்கள். எந்த மாதத்தில் எந்தப் புல் முதலில் தலைகாட்டும், எதை மாடு தொடாது என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. ஆனால் மேய்ச்சலால் காட்டுக்குக் கேடா என்று அவர்களிடம் கேட்டால் இல்லை என்பார்கள், வனத்துறைக்காரரைக் கேட்டால் ஆமாம் என்பார். இருவர் பிழைப்பும் அந்தப் பதிலில் இருக்கிறது. ஆய்வாளருக்கும் ஒரு பக்கம் உண்டு, நமக்குப் பிரசுரிக்கத் தகுந்த முடிவு வேண்டும். அதனால் கருத்தைக் கேட்பதைவிடப் பார்த்ததைக் கேளுங்கள். அஞ்செட்டிப் பக்கம் தமிழ், கன்னடம், தெலுங்கு, இருளர் மொழி எல்லாம் புழங்குவதால் ஒரே செடிக்கு மூன்று பெயரும், ஒரே பெயரில் இரண்டு செடியும் வரும். பெயரை எழுதியதும் செடியைக் காட்டச் சொல்லி, மாதிரி எடுத்து அழுத்தி வையுங்கள். இதைச் செய்யாமல் எழுதிய பட்டியல்களை நான் பயன்படுத்துவதில்லை.

மக்கள் அறிவு எங்கே கைகொடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் மலை, தன் ஓடை என்ற எல்லைக்குள் அது கூர்மையானது. மொத்தக் காவிரிப் படுகையில் என்ன நடக்கிறது என்று ஒரு ஊர்க்காரரால் சொல்ல முடியாது, அவரும் சொல்லப்போவதில்லை, நாம்தான் இழுத்து நீட்டுகிறோம். இதுவரை வராத ஒன்று, புதிய நோய், புதிய களை, பழக்கமில்லாத வறட்சி வந்தால் முன் அனுபவம் குறைவாகவே உதவும். மருந்து பற்றிய எச்சரிக்கை இதுதான்: பாம்புக்கடிக்குப் பச்சிலை என்று யார் சொன்னாலும் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் பலன் தரும் என்று எழுதாதீர்கள். விஷமுறிவு ஊசி ஒன்றே வைத்தியம். அந்த ஊசிக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் முன்னணியில் இருப்பது சென்னைக்கு அருகே 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான். பாம்பின் தடம் கண்டுபிடிப்பது அவர்கள் திறமை, ஊசி தயாரிப்பது ஆய்வகத்தின் வேலை. அந்தச் சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கண்டிப்பாக யோசிக்க வேண்டிய ஒன்று. உங்கள் பெரியவர் தீ வைத்ததாகச் சொன்னதைப் பெயரோடும் ஊரோடும் ஆய்வேட்டில் எழுதினால், அது அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிடலாம். வேட்டை பற்றிய பேச்சும் அப்படியே. இவற்றை ஊர்ப் பெயர் இல்லாமல், வயதுப் பிரிவை மட்டும் குறித்து எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்திலும் பெயருக்குப் பதில் குறியீடு போடுங்கள். தேன் கூடு தொங்கும் பாறை, முதலை முட்டையிடும் மணல் திட்டு, மாகாளி மிச்சமிருக்கும் இடம் ஆகியவற்றின் ஜிபிஎஸ் புள்ளிகளை அச்சிடவே கூடாது. தீயோ வேட்டையோ இல்லாத மற்ற விஷயங்களில் பெயர் வேண்டும் என்று அவர்களே விரும்பினால் தாராளமாகப் போடுங்கள், கட்டுரை ஆசிரியராகவும் சேர்க்கலாம். கூலி கொடுத்துக் கூட்டிப்போனேன், கணக்கு முடிந்தது என்று நினைப்பது எனக்கு ஒப்பாது. கேரளத்தில் காணிப் பழங்குடி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தபோது, உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று முடிவானது. பிறகு 2002ல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்தது. வணிகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகும் எதையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே தொடாதீர்கள்.

ஆய்வேட்டில் எங்கே எழுதுவது என்பதற்கு வருகிறேன். முன்னுரையில், பெரியவர்கள் சொன்னதை ஒரு கருதுகோளாகவும் கட்டுரைகள் சொல்வதை எதிர்க் கருதுகோளாகவும் சம மரியாதையோடு வையுங்கள். செய்முறை அத்தியாயத்தில், எத்தனை பேரிடம், எந்த வயது, ஆண் பெண் எத்தனை, எந்த மொழியில், யார் மொழிபெயர்த்தது, சம்மதம் எப்படி வாங்கினீர்கள் என்று குவாட்ரட் அளவை எழுதும் அதே நுணுக்கத்தோடு எழுதுங்கள். முடிவுகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள், ஒத்துவராததை மறைக்காதீர்கள். ஒத்துவராத இடத்துக்குப் பெரியவரை மறுபடி கூட்டிப்போய், "இங்கே இப்படி வந்திருக்கிறது, ஏன்?" என்று கேளுங்கள். பல நேரம் அந்தச் சரிவில் மட்டும் பட்டி இருந்தது, ஒரு வருடம் மரம் வெட்டினார்கள் என்று எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் வரும். உங்கள் கைடிடம் "பாரம்பரிய அறிவு" என்று பேசாமல், "தீயின் வேகத்தையும் மாதத்தையும் ஒரு காரணியாகச் சேர்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் காலத்துக்குள் தீதான் காரணம் என்று உங்களால் நிறுவ முடியாது. லேசாக எரிந்த இடங்களில் நாற்றுகள் குறைவா இல்லையா என்பது வரை சொல்ல முடியும், அதுவே நல்ல வேலை. சரணாலயத்துக்குள் ஆய்வு அனுமதி வர நாளாகும், விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களில் ஊருக்குள் உட்கார்ந்து பேசும் வேலையை முடித்துவிடுங்கள், சருகு உதிரும் முன்பே எந்தச் சரிவு எந்த வகை என்று முடிவாகிவிடும். நாற்று எண்ணிக்கையை முதல் மழைக்குப் பிறகு ஒருமுறையும், கோடைக்கு முன் ஒருமுறையும் எடுங்கள். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன், முடிவுகளை ஊரில் ஒரு மாலை தமிழிலும் கன்னடத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் திருத்துவதையும், அது தீயோ வேட்டையோ பற்றியதாக இல்லாமல் திருத்தியவரும் சம்மதித்தால் அவர் பெயரையும், முடிவுகள் அத்தியாயத்திலேயே சேர்த்துவிடுங்கள்.